உறங்குவதற்கு மட்டுமன்று அறை

உல்லாசக் கப்பலில் செல்லச் சீட்டு எடுக்கப் புகும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றே. "அறை எதற்கு? இரவில் வந்து படுக்கத்தானே? பகல் முழுவதும் மேல்தளத்தில்தான் இருக்கப் போகிறீர்கள். இருப்பதிலேயே சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள்." பயண முகவர் சொல்கிறார், ஒருமுறை போய் வந்தவர் சொல்கிறார், போகாதவரும் சொல்கிறார். பழமொழி போல் நிலைத்துவிட்ட இவ்வறிவுரையை நாம் மறுக்கிறோம். கேட்பதற்கு இது சிக்கனத்தின் குரலாக இருக்கிறது. உற்றுக் கேட்டால், இது நலமுள்ள உடம்பின் குரல். முழங்கால் வலியில்லாதவர், கடல்நோவு அறியாதவர், இரவில் நான்கு முறை எழ வேண்டாதவர், தம் உடம்பையே முழக்கோலாக வைத்துக்கொண்டு ஊரார்க்கெல்லாம் அறை அளந்து கொடுக்கும் செயல் இது.

அப்படியானால் சரியான அளவு எது? நம் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உடன் வருபவருள் மிக நலிந்தவர் எவரோ, அவர் ஒரு பகல் முழுவதும் வருந்தாமல் இருக்கத்தக்க அறையே சரியான அளவுள்ள அறை. அதனினும் சிறியது கொடுமை. அதனினும் பெரியது பெரும்பாலும் பகட்டு. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் பேசும் இடத்தில் கப்பல் அறைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இடம் என்பதை முதற்பொருளாக வைத்த இலக்கண மரபு நம்முடையது. ஓர் உயிர் எங்கே நிற்கிறது, எவ்வளவு இடத்தில் நிற்கிறது என்பதைக் கேளாமல் அதன் உணர்ச்சியைப் பேசுவது நம் வழக்கமன்று. மேலும் இது நமக்குப் புறம்பான செய்தியாகவும் இப்போது இல்லை. 2022 ஜூனில் கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டபோது, உல்லாசக் கப்பல் என்னும் சொல் நம் நடுத்தரக் குடும்பங்களின் உரையாடலுக்குள் புகுந்துவிட்டது. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பணியாற்றும் பிள்ளைகள் ஊரிலிருந்து வரும் பெற்றோரைக் கப்பலேற்றி மகிழ்வதும் பெருகியிருக்கிறது. கடல்வழிப் பிரிவில் தலைவன் தலைவியை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை எனத் தொல்காப்பிய அகத்திணையியல் கூறுவதாக உரைகாரர் சிலர் கொள்வர். இன்றோ தலைவனும் தலைவியும் மட்டுமல்லர். தாயும் மாமியாரும் கைக்குழந்தையும் ஒரே கலத்தில், பெரும்பாலும் ஒரே அறையில், ஏறுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அறையே இல்லாமல் கடல் கடந்த மரபும் நமக்கு உண்டு. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' 1970களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. அதில் சென்றவருள் பெரும்பாலோர் தளப் பயணிகள். பாய் விரித்த இடமே அவர்தம் அறை. "நம் பாட்டன் தளத்தில் படுத்துப் போனான், உனக்கு அறையின் அளவு கேட்கிறதா?" என்று வாதிடுவாரும் உளர். பாட்டன் பிழைக்கப் போனான். அவனுக்குத் தேர்வு இல்லை. தேர்வு இருக்கும் இடத்தில் தேர்வில்லாதவனின் துன்பத்தை எடுத்துக்காட்டாக நிறுத்துவது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இனிக் கணக்குக்கு வருவோம்.

இன்றைய பெருங்கப்பல்களில் சாளரமில்லா உள்ளறை ஏறத்தாழ 140 முதல் 185 சதுர அடி வரை இருக்கும். பால்கனி அறை என்பது உள்ளளவில் இதனினும் மிகப் பெரிதன்று. அதனோடு 40, 50 சதுர அடிப் பால்கனி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விளம்பர ஏடுகள் சொல்லும் அளவில் குளியலறையும் பெரும்பாலும் அடங்கும். சில இடங்களில் பால்கனியும் சேர்த்துக் கூட்டப்படும். ஆகவே 220 சதுர அடி என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மகிழ்பவர், அதில் நடக்கவும் அமரவும் எவ்வளவு எஞ்சும் என்று கேட்கத் தவறிவிடுகிறார்.

இவ்வறைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருப்பதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான அறைகள் கப்பலுக்குள் கட்டப்படுவதில்லை. தொழிற்சாலையில் குளியலறையோடு முழுதாகச் செய்யப்பட்டு, கப்பலின் எலும்புக்கூட்டுக்குள் இழுப்பறையைத் தள்ளுவது போல் தள்ளிப் பொருத்தப்படுகின்றன. பின்லாந்தின் பீக்கியோ தொழிற்சாலை இதற்கெனவே பெயர் பெற்றது. எனவே தேர்வு என்பது நாம் நினைக்குமளவு விரிந்ததன்று. மூன்று நான்கு அச்சுகளுள் ஒன்றைத்தான் எடுக்கிறோம். அவ்வச்சுக்குள் எத்தனை பேரை இடுகிறோம் என்பதே நம் கையில் உள்ள உண்மையான தேர்வு. அறிவுரை சொல்வோர் எவரும் இதைச் சொல்வதில்லை.

கட்டண முறை இதை மேலும் மறைக்கிறது. கப்பல் அறையின் விலை அறைக்கென்று சொல்லப்படுவதில்லை. இருவர் தங்குவதாகக் கொண்டு தலைக்கு இவ்வளவு என்று சொல்லப்படுகிறது. மூன்றாமவர்க்கும் நான்காமவர்க்கும் கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஆதலால் நால்வர் ஒரே அறையில் ஏறுவது மலிவு போல் தோன்றுகிறது. அந்த மூன்றாமவரும் நான்காமவரும் எங்கே படுப்பர்? விட்டத்திலிருந்தோ சுவரிலிருந்தோ இறக்கப்படும் மேற்படுக்கையில், அல்லது விரித்தால் கட்டிலாகும் சோபாவில். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலை எடுத்துக்கொள்வோம். அதில் 2,805 அறைகள். அறைக்கு இருவர் என்றால் 5,610 பேர். ஆனால் அது ஏற்றக்கூடிய பயணிகளின் உச்ச எண்ணிக்கை 7,600. இடைப்பட்ட 1,990 பேரும் மேற்படுக்கையிலும் சோபாவிலும் கிடக்கப் போகிறவர்கள். அவர்களுக்காகக் கூடுதல் சுவர் எதுவும் எழுப்பப்படவில்லை.

நால்வர் கொண்ட குடும்பம் 150 சதுர அடி உள்ளறையில் தங்கினால் ஒருவருக்குக் கிடைப்பது 37.5 சதுர அடி. குளியலறை, அலமாரி, கட்டில் எல்லாம் இதற்குள் அடக்கம். இந்த எண்ணை வேறோர் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2006இல் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் பணியாளர் உறங்கும் அறைக்கு இறுதி எல்லை வகுத்திருக்கிறது. பயணிகள் கப்பலில், அதிகாரி அல்லாத பணியாளர் இருவர் தங்கும் அறை 7.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது; மூவர் தங்கினால் 11.5, நால்வர் தங்கினால் 14.5. நம் கணக்கில் சொன்னால், இருவருக்கு ஏறத்தாழ 80 சதுர அடி, நால்வருக்கு ஏறத்தாழ 156 சதுர அடி. அதாவது, பாத்திரம் கழுவும் பணியாளர் நால்வருக்கு 'இதற்குக் கீழே இறங்கினால் மனிதத் தன்மையன்று' என்று உலகம் கூடி வகுத்த எல்லைக்கும் கீழான இடத்தில், நாம் காசு கொடுத்து நம் தாயையும் பிள்ளைகளையும் குடிவைக்கிறோம். வைத்துவிட்டு அதற்கு 'உல்லாசம்' என்று பெயரும் இடுகிறோம்.

"இரவில் மட்டுந்தானே?" என்ற பழைய கேள்வி திரும்பவும் எழும். இரவில் மட்டுமன்று என்பதே நம் விடை. நாம் அறிந்த ஒரு குடும்பம் ஐந்து நாள் பயணம் சென்றது. அறை ஒன்று, ஆட்கள் நால்வர். எழுபதைக் கடந்த அம்மையாருக்குச் சோபாக் கட்டில். பகலில் அதை மடித்தால்தான் மற்றவர் நடமாட முடியும். மேல்தளத்துக்குப் போனால் காற்றும் வெயிலும் இரைச்சலும். அறைக்கு வந்தால் படுக்க இடமில்லை. இரண்டாம் நாள் தொடங்கி அவர் மின்தூக்கிக்கு எதிரே கிடந்த நாற்காலி ஒன்றில் அமர்ந்தே பகலைக் கழித்தார். வீட்டார் அன்பில்லாதவர் அல்லர். 'அறை தூங்கத்தானே' என்று சொன்னவரை நம்பினவர்கள். அந்த வாக்கியத்தில் வரும் 'தூக்கம்' இரவுத் தூக்கம் மட்டுந்தான். முதியவரின் பகல் தூக்கமும், குழந்தையின் முற்பகல் தூக்கமும், கடல்நோவு கண்டவரின் நாள் முழுதுமான கிடப்பும் அதில் கணக்கில்லை.

நோயும் விபத்தும் வரும்போது இவ்வாக்கியம் முற்றிலும் பொய்யாகிவிடுகிறது. 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் 'கார்னிவல் டிரையம்ப்' கப்பலின் இயந்திர அறையில் தீப்பற்றியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலில் இருந்தனர். மின்சாரம் போயிற்று; குளிர்காற்று நின்றது; கழிவறைகள் செயலிழந்தன. இழுவைக் கலங்கள் அலபாமாவின் மொபீல் துறைக்கு இழுத்து வந்து சேர்க்கும்வரை நாட்கணக்கில் மக்கள் தவித்தனர். உள்ளறைகளில் இருந்தவர்கள் மெத்தைகளை இழுத்துக்கொண்டு நடைகூடங்களுக்கும் திறந்த தளங்களுக்கும் வந்து படுத்தனர். பால்கனி வைத்திருந்தவர் கதவைத் திறந்து மூச்சு விட்டனர். ஒரு கதவு அளவுதான் வேறுபாடு.

2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறையில் 'டயமண்ட் பிரின்சஸ்' நின்றதை எவரும் மறந்திருக்க முடியாது. கப்பலில் 3,711 பேர். பிப்ரவரி 5 முதல் 19 வரை பயணிகள் தத்தம் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது கட்டளை. 'பகல் முழுவதும் மேல்தளத்தில்' என்று நம்பிச் சிறிய உள்ளறை எடுத்தவர்கள், பகலும் இரவும் தெரியாத நான்கு சுவருக்குள் இரு வாரம் கிடந்தனர். சாளரமில்லா அறையினரை முறை வைத்துச் சிறிது நேரம் தளத்தில் நடக்க விட்டனர். அவர்களுக்குக் கிடைத்த வானம் அவ்வளவே. நோய் தொற்றியோர் எண்ணிக்கை 712 ஆனது. இப்படி ஒன்று ஆயிரத்தில் ஒரு பயணத்தில் நிகழ்வது என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்து, கப்பல் மருத்துவர் இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்வது அப்படி அரிதான நிகழ்ச்சியன்று. அந்த இரண்டு நாளும் மற்ற மூவரும் அதே அறையில்தானே?

சாளரத்தைப் பற்றி ஒரு சொல். உள்ளறையின் குறை தெரிந்துதான் நிறுவனங்கள் மாற்று வழி தேடின. 2011இல் கடலுக்கு வந்த 'டிஸ்னி டிரீம்' கப்பலின் உள்ளறைகளில் வட்டச் சாளரம் போன்ற திரை ஒன்றைப் பதித்து, வெளியே உள்ள ஒளிப்பதிவுக் கருவி காட்டும் கடலை அதில் ஓடவிட்டனர். 2014இல் வந்த 'குவான்டம் ஆஃப் தி சீஸ்' ஒருபடி மேலே போய்த் தரையிலிருந்து விட்டம் வரை திரை வைத்து அதற்கு 'மெய்ந்நிகர் பால்கனி' என்று பெயரிட்டது. அறிவுக்கூர்மையை நாம் மெச்சுகிறோம். ஆனால் கடல் நடுவே இருப்பவனுக்குக் கடலின் படத்தைக் காட்டி அமைதிப்படுத்த வேண்டிய நிலை ஏன் வந்தது? 'அறை தூங்க மட்டுமே' என்பது மெய்யானால் தூங்குகிறவனுக்குத் திரை எதற்கு? தம் அறிவுரையைத் தாமே நம்பவில்லை என்பதற்கு அவர்களே வைத்த சான்று அந்தத் திரை.

நடக்க இயலாதவரின் நிலை இதனினும் கூர்மையானது. சாதாரணக் கப்பல் அறைகளின் கதவு ஒடுக்கமானது. சக்கர நாற்காலி நுழையாது. நுழைந்தாலும் திரும்ப இடமில்லை. குளியலறை வாயிலில் ஒரு படி தடுக்கும். அணுகுவதற்கேற்ற அறைகள் என்று தனியே உண்டு. அவை எண்ணிக்கையில் சில. அவற்றின் கதவு அகலம், நாற்காலி சுழல வேண்டிய வெளி காரணமாக அவை பெரியவையாக இருக்கும். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிப் பயணிகள் சிலர், தம்மிடம் கூடுதல் கட்டணம் கேட்கப்பட்டது முதலிய குறைகளைச் சொல்லி வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். வேற்றுநாட்டுக் கொடியேந்திய உல்லாசக் கப்பலும் அமெரிக்க நீர்ப்பரப்பில் இருக்கும்போது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பொதுவில் உட்பட்டதே என்று 2005 ஜூனில் தீர்ப்பு வந்தது. கப்பலின் உள் நிர்வாகத்தில் எதுவரை தலையிடலாம் என்பதற்கு வரம்புகளும் வகுக்கப்பட்டன. நாம் காட்ட விரும்புவது இதுதான்: ஒருவருக்குப் பகட்டாகத் தோன்றும் பத்துச் சதுர அடி மற்றொருவருக்கு உரிமை. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து 'அளவு முக்கியமன்று' என்று தீர்ப்புக் கூற எவருக்கும் தகுதியில்லை.

தனியே செல்பவரின் கதை இன்னொரு வகை. அறை இருவருக்கென விலை வைக்கப்பட்டிருப்பதால், தனியே வரும் விதவைத் தாயும் மணமாகாத ஆசிரியையும் இல்லாத இரண்டாமவருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. பல நேரம் ஏறத்தாழ இருமடங்கு. 2010இல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் ஒருவருக்கென்றே 100 சதுர அடியில் 128 சிற்றறைகள் அமைத்து, அந்தக் கூடுதல் கட்டணத்தை நீக்கினர். தனியே வருவோர் கூடிப் பேசப் பொது அறை ஒன்றும் அருகே வைத்தனர். சிறிய அறையை நாம் மனமுவந்து பாராட்டும் இடம் இதுதான். 100 சதுர அடி ஒருவருக்கு. அதே நேரம் 37 சதுர அடி ஒருவருக்கு என்று நால்வரை அடைப்பதையும் 'சிறிய அறை' என்றே அழைக்கிறார்கள். ஒரே சொல் இரண்டு பொருளுக்கு வழங்கினால் மயக்கம் நேரும் என்பது இலக்கணம் பயின்ற நமக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதைக் கொண்டு, பெரிய அறைகளுக்காகப் பரிந்து பேசுவதாக எவரும் கொள்ள வேண்டா. மறுபக்கத்தில் நிற்கும் பகட்டை நாம் அறிவோம். முன்னர்ச் சொன்ன 'ஐகான்' கப்பலிலேயே மூன்று அடுக்கு வீடு போன்ற அறைத்தொகுதி ஒன்று இருக்கிறது. உள்ளேயே ஒரு தளத்திலிருந்து மறுதளத்துக்குச் சறுக்கி இறங்கச் சறுக்குமரம். எம்எஸ்சி நிறுவனம் 2008இல் 'ஃபேன்டசியா' கப்பலில் தொடங்கிய 'யாட் கிளப்', நார்வீஜியன் நிறுவனத்தின் 'ஹேவன்' போன்றவை கப்பலுக்குள் ஒரு கப்பல். தனி உணவகம், தனிக் கூடம், தனி நீச்சல்குளம், அவற்றுக்குத் தனித் திறவுகோல். குனார்டு கப்பல்களில் எந்த உணவுக்கூடத்தில் அமர்வது என்பதையே எடுத்த அறையின் வகை முடிவு செய்கிறது. இங்கே பெரிய அறையை வாங்குகிறவர் பரப்பை மட்டும் வாங்குவதில்லை. பிறர் நுழைய முடியாமையையும் வாங்குகிறார். முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பழைய பலகைகளைக் கழற்றியவர்கள் அவற்றைச் சதுர அடிக் கணக்காக்கி மீண்டும் மாட்டியிருக்கிறார்கள். இந்தப் பகட்டை எதிர்க்கும் நோக்கத்தோடு 'சிறிய அறை போதும்' என்று சொல்பவர் உண்டு. அவர்தம் உள்ளம் நல்லது. ஆனால் பகட்டை எதிர்க்கிறோம் என்று கிளம்பித் தேவையை வெட்டிவிடுகிறார்கள். சறுக்குமரம் வேண்டா என்பதற்காகச் சாய்ந்துகொள்ள இடமும் வேண்டா என்றாகிவிடுமா?

விளம்பரப் படங்களின் பொய்யைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது புதிய நோயன்று. 1842 ஜனவரியில் 'பிரிட்டானியா' நீராவிக் கப்பலில் அமெரிக்கா புறப்பட்ட சார்லஸ் டிக்கன்ஸ், தமக்கும் மனைவிக்கும் ஒதுக்கிய அறையைக் கண்டு திகைத்ததை 'அமெரிக்கன் நோட்ஸ்' நூலின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். இலண்டன் முகவர் அலுவலகத்தில் தொங்கிய அழகிய படத்துக்கும், பெட்டி நுழைய வழியில்லாத அந்த இண்டுக்கும் இருந்த தொலைவே அவருக்கு நகைச்சுவைப் பொருளாயிற்று. அவர் இளைஞர், நகைத்தார். இன்று அதே வேலையை அகன்ற கோணக் கண்ணாடி வைத்த கருவி செய்கிறது. கட்டிலின் காலடியில் நின்று ஒருவர் கடக்க மற்றவர் ஒதுங்க வேண்டிய அறை, படத்தில் கூடம் போல் விரிகிறது. படத்தைப் பாராமல் தள வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்பதே நம் முதல் பரிந்துரை.

"எல்லாம் சரி, காசு?" என்பது நியாயமான கேள்வி. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்குக் காசின் அருமை தெரியாததன்று. ஆனால் சிக்கனத்துக்கும் வழிகள் உண்டு. அவற்றுள் மிகவும் மோசமான வழியே நால்வரை ஓர் அறையில் இடுவது. நாட்களைக் குறைக்கலாம்: ஐந்து இரவு நெருக்கத்தைவிட மூன்று இரவு நிம்மதி மேல். நால்வருக்கு ஒரு பால்கனி அறை கேட்பதற்கு முன், அடுத்தடுத்த இரண்டு உள்ளறைகளுக்கு என்ன விலை என்று கேட்டுப் பார்க்கலாம்; சில நேரம் வேறுபாடு பெரிதாக இராது. இரண்டு அறை என்றால் இரண்டு கழிவறை. அதன் மதிப்பைக் காலை ஏழு மணிக்கு உணரலாம். முதியவர்க்கு மேற்படுக்கை ஒருபோதும் ஆகாது. ஏணி ஏறும் வயதல்ல அது. கடல்நோவுக்கு அஞ்சுபவர்க்கு உயரத்தில் உள்ள பெரிய அறையைவிடக் கப்பலின் நடுவே கீழ்த்தளத்தில் உள்ள சிறிய அறை நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் ஓசை கேட்கும். நாடக அரங்குக்கு அருகே உள்ள அறையில் நள்ளிரவு வரை முரசு கேட்கும். சாளரம் உண்டு என்று எழுதியிருந்தாலும், எதிரே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். 'அறையை நாங்களே ஒதுக்குவோம்' என்று விலை குறைத்துக் கொடுக்கும் சீட்டு இளைஞர்க்கு ஆகும். மின்தூக்கிக்கு அருகே அறை வேண்டிய முதியவர்க்கு அது சூதாட்டம்.

இவையெல்லாம் காசு மிகுதியாகக் கேட்பவை அல்ல. கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்பவை. 'எங்களுக்கு எவ்வளவு குறைவாகப் போதும்?' என்று கேட்பதை விட்டு, 'நம்முள் அதிகம் வேண்டுபவர் யார், அவருக்கு எவ்வளவு வேண்டும்?' என்று கேட்பதே அம்மாற்றம். வீட்டில் இதை நாம் இயல்பாகவே செய்கிறோம். காற்று வரும் இடத்தில் முதியவர் கட்டிலைப் போடுகிறோம். கழிவறைக்கு அருகே உள்ள அறையை அவர்க்கு விடுகிறோம். கப்பலேறியதும் அந்த அறிவு எங்கே போய்விடுகிறது?

இந்த அளவுகோலை முழுமையாக ஏற்பவர் இன்னொன்றையும் ஏற்க வேண்டும். கப்பலிலேயே நலிந்த நிலையில் இருப்பவர் பயணியர் அல்லர். மேலே சொன்ன உடன்படிக்கை, சரக்குக் கப்பலின் மாலுமிக்குத் தனித்தனி அறை வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்துவிட்டு, பயணிகள் கப்பலை மட்டும் அவ்விதியிலிருந்து விலக்கியிருக்கிறது. நிலக்கரி சுமக்கும் கப்பலில் தனி அறை கிடைக்கக்கூடிய தொழிலாளிக்கு, உல்லாசம் சுமக்கும் கப்பலில் பங்கு அறையே விதி. 7.5 சதுர மீட்டரில் இருவர். கட்டிலின் உள்ளளவு குறைந்தது 198 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம். நம் அறையின் விரிப்பை நாள்தோறும் மடிப்புக் கலையாமல் விரித்துவிட்டுப் போகிறவர் இரவில் சென்று படுக்கும் இடம் அது. 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் பயணியர் அறைக்குள் இருந்தபோது, பணியாளர் உணவு சுமந்து கதவு கதவாக நடந்தனர். இரவில் பகிர்ந்த அறைக்கே திரும்பினர். அவர்களுள் 132 பேர் இந்தியர். தனித்திருத்தல் என்ற சொல்லுக்கு அவர்கள் அறையில் இடமே இருக்கவில்லை. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2015இல் ஏற்று உறுதி செய்தது. அந்தச் சிறிய எண்களை உயர்த்த வேண்டும் என்று கேட்கும் பொறுப்பு, பிள்ளைகளைக் கப்பல் வேலைக்கு அனுப்பும் நாடு என்ற முறையிலும் கப்பலேறி மகிழும் நாடு என்ற முறையிலும் நமக்கு இரட்டிப்பாக உண்டு.

'அறை தூங்குவதற்கு மட்டுமே' என்னும் வாக்கியம் இவர்கள் மீதும் அதே தீர்ப்பைத்தான் சொல்கிறது: உழைப்பவனுக்குத் தூங்கினால் போதும். பயணிக்குச் சொன்னால் சிக்கனம், பணியாளனுக்குச் சொன்னால் கொள்கை. மனிதன் ஓர் அறையில் தூங்குவதோடு நிற்பதில்லை. நோயுறுகிறான், அழுகிறான், ஊருக்குப் பேசுகிறான், யாரும் பாராமல் சற்றே உட்கார்ந்திருக்கிறான். இதற்கெல்லாம் எவ்வளவு சதுர அடி என்று எந்த விளம்பர ஏடும் அச்சிடாது.

ஆதலால் அடுத்த முறை எவரேனும் இவ்வறிவுரையைச் சொன்னால், நண்பர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறோம்: "யார் தூங்குவதற்கு?" அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் அறையின் அளவைப் பற்றி ஆலோசனை கேட்பது நலம்.